பாங்கு வகுத்த பகலும் இரவும்



ஆண்டுதோறும் இம்மலரின் பிற்பகுதியில் நமது ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு அச்சிடப்படுகிறது. சந்தா வரவு, வாடகை வரவு, மதரஸா செலவு, மின் கட்டணம் என ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் காட்டப்படுகிறது. அது அமானிதத்தின் அடையாளம். ஆனால் பணத்தைக் காட்டிலும் பெரிய அமானிதம் ஒன்று நம் ஒவ்வொருவரின் கையிலும் இருக்கிறது. அதுதான் நாளொன்றின் 24 மணி நேரம். அதற்குக் கணக்கு எழுதும் பழக்கம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

பள்ளிவாசலின் உட்சுவரில் தொழுகை நேர அட்டவணை ஒன்று தொங்குகிறது. நாள்தோறும் அதைப் பார்க்கிறோம். ஆயினும் அதன் பின்னால் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டு உழைப்பு இருப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஈச்ச ஓலைக் கூரையின் கீழ் தொடங்கி, சலவைக்கல் நிழற்கடிகாரம் வரை வளர்ந்து, நம் ஊர்ச் சுவர்வரை வந்து சேர்ந்த வரலாறு அது. அந்த வரலாற்றைச் சுருக்கமாக நினைவுகூர்வதும், அதில் நமக்குள்ள படிப்பினையைத் தேடுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதீனாவில் எழுந்த அழைப்பு

ஐவேளைத் தொழுகை மிஃராஜ் இரவில் கடமையாக்கப்பட்டது. அதன் பின்னர் ஜிப்ரீல் (அலை) அவர்கள் கஅபாவின் அருகில் இரண்டு நாட்கள் நபி (ஸல்) அவர்களுக்கு இமாமாக நின்று, முதல் நாள் ஒவ்வொரு தொழுகையையும் அதன் தொடக்க நேரத்திலும், மறுநாள் அதன் இறுதி நேரத்தை ஒட்டியும் தொழவைத்துக் காட்டினார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்துள்ளன. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை என்பதைத் திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 103ஆம் வசனமும் உணர்த்துகிறது.

எனினும் மக்காவில் முஸ்லிம்கள் ஒளிந்தும் ஒதுங்கியும் வாழ்ந்த காலத்தில், தொழுகையைச் சுற்றி ஓர் ஊரின் அன்றாட வாழ்வை அமைக்க வழி இல்லை. கி.பி. 622இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்திற்குப் பிறகே அதற்கான வாய்ப்பு அமைந்தது. மதீனா அப்போது ஒரே நகரமாக இருக்கவில்லை. ஈச்சந்தோப்புகளுக்கிடையே, குலத்திற்கு ஒரு குடியிருப்பாகச் சிதறிக் கிடந்த ஊர்களின் தொகுதியாக இருந்தது. அவற்றின் நடுவே, ஸஹ்ல், ஸுஹைல் என்னும் இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தமான நிலத்தை விலை கொடுத்து வாங்கிப் பள்ளிவாசல் கட்டப்பட்டது. சுவர் பச்சைச் செங்கல், தூண் ஈச்சமரம், கூரை ஈச்ச மட்டையும் ஓலையும். அதன் சுவரை ஒட்டியே நபியவர்களின் குடும்பத்தார் வாழ்ந்த அறைகள் எழுந்தன. வீடற்ற தோழர்கள் தங்குவதற்குத் திண்ணை ஒன்றும் அமைந்தது. தொழும் இடம், குடும்பம் வாழும் இடம், ஏழைகள் ஒதுங்கும் இடம் ஆகிய மூன்றும் ஒரே வளாகத்தில் இருந்தன. நாம் சொல்ல வரும் செய்தியின் வரைபடம் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறது.

தொடக்கத்தில் மக்கள் தாமாகவே நேரத்தைக் கணித்து வந்து கூடினார்கள். பின்னர், அழைப்பதற்கு ஒரு முறை வேண்டும் என்று ஆலோசனை நடந்தது. மணி அடிக்கலாம் என்றார் ஒருவர். கொம்பு ஊதலாம் என்றார் இன்னொருவர். இறுதியில் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) அவர்கள் கனவில் கண்ட சொற்களைக் கொண்டே அழைப்பது என முடிவாயிற்று. உமர் (ரலி) அவர்களும் அதைப் போன்ற கனவையே கண்டிருந்தார்கள். உரத்த குரல் வாய்ந்த பிலால் (ரலி) அவர்களிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. பள்ளிவாசலைச் சுற்றியிருந்த வீடுகளில் உயரமானது பனூ நஜ்ஜார் குலத்துப் பெண்மணி ஒருவரின் வீடு. வைகறைக்கு முன்பே வந்து அவ்வீட்டின் மேல் அமர்ந்து, கிழக்கு வெளுப்பதைப் பார்த்திருந்து பிலால் (ரலி) பாங்கு சொல்வார்கள் என அப்பெண்மணியே அறிவித்துள்ளார். இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கக் கால மினாரா ஒரு குடும்பத்தின் வீட்டுக் கூரைதான் என்பது கவனிக்கத்தக்கது.

வாழ்க்கையே அளவுகோல்

மதீனாவில் கடிகாரம் இல்லை. அப்படியானால் நேரத்தை எவ்வாறு நினைவில் வைத்தார்கள்? ஸஹாபாக்களின் அறிவிப்புகளைப் படிக்கும்போது வியப்பு மேலிடுகிறது. அவர்கள் வாழ்க்கையைக் கொண்டே நேரத்தை அளந்தார்கள்.

சுப்ஹுத் தொழுகை முடியும்போது, அருகில் அமர்ந்திருப்பவரை அடையாளம் காணும் அளவுக்கு வெளிச்சம் வந்திருக்கும் என்கிறார்கள் அபூ பர்ஸா (ரலி) அவர்கள். அஸர் தொழுதுவிட்டு ஒருவர் மதீனாவின் கடைக்கோடியிலுள்ள தம் வீட்டை அடையும்போதும் வெயில் மங்காமல் இருக்கும் என்பதும் அவர்களின் அறிவிப்பே. ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அவர்களோ, அஸருக்குப் பின் ஒட்டகம் அறுத்துப் பத்துப் பங்காகப் பிரித்து, சமைத்து, வெந்த இறைச்சியைச் சூரியன் மறையுமுன் உண்டுவிடுவோம் என்கிறார்கள். மஃரிப் முடிந்து திரும்பும் ஒருவர் அம்பு எய்தால், அது விழும் இடம் கண்ணுக்குத் தெரியும் என்பதும் அவர்கள் சொன்னதே.

வீடு திரும்புபவரின் நடை, ஊர் கூடிச் சமைக்கும் உணவு, பக்கத்தில் இருப்பவரின் முகம் ஆகிய இவையே அவர்களுக்கு மணிமுள்ளாக இருந்தன. தொழுகை ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம் என்று பிரிந்திருந்தால் இத்தகைய அளவுகோல்கள் பிறந்திருக்க மாட்டா.

இரவும் அவ்வாறே ஒழுங்குபடுத்தப்பட்டது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை. இதன் காரணத்தை அறிஞர்கள் எளிமையாக விளக்கியுள்ளனர். முன்னது இஷாவைத் தவறவிடச் செய்யும். பின்னது சுப்ஹைத் தவறவிடச் செய்யும். ஆக, மறுநாள் காலைத் தொழுகை முந்தைய நாள் இரவிலேயே தொடங்கிவிடுகிறது.

உழைப்பாளியும் கைக்குழந்தையும்

நாளைத் தொழுகையைச் சுற்றி அமைப்பது என்றால், உழைப்பவரின் களைப்பையும் தாயின் தவிப்பையும் மறந்துவிடுவது என்று பொருளல்ல. இதற்கு முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி சான்றாகும்.

அவர்கள் நபி (ஸல்) அவர்களுடன் இஷாத் தொழுதுவிட்டுத் தம் குலத்தாரிடம் சென்று அவர்களுக்கு இமாமாக நிற்பது வழக்கம். ஓரிரவு பகரா அத்தியாயத்தை ஓதத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்திற்கு நீர் இறைக்கும் இரண்டு ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு, பகலெல்லாம் உழைத்த களைப்புடன் வந்து சேர்ந்த ஒருவர், தாங்க முடியாமல் ஜமாஅத்திலிருந்து விலகித் தனியே தொழுதுவிட்டுப் போய்விட்டார். செய்தி நபியவர்களிடம் வந்தது. கண்டிக்கப்பட்டவர் அந்தத் தொழிலாளி அல்லர், இமாமே கண்டிக்கப்பட்டார். மக்களைக் குழப்பத்திற்கு உள்ளாக்குகிறீரா என்னும் கருத்தில் மும்முறை கேட்டு, உமக்குப் பின்னால் முதியவரும் பலவீனரும் வேலையுள்ளவரும் நிற்கின்றனர் என்று உணர்த்தி, சிறிய அத்தியாயங்களை ஓதுமாறு பணித்தார்கள். இமாமத் பொறுப்பில் இருக்கும் நாம் ஒவ்வொரு நாளும் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்ச்சி இது.

நீளமாகத் தொழவைக்க எண்ணி நின்றபின், குழந்தையின் அழுகுரல் கேட்டால் அதன் தாய் தவிப்பாளே என்று தொழுகையைச் சுருக்கிக்கொள்வதாகவும் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். அக்குழந்தையின் குரல் அந்தப் பள்ளிவாசலில் ஒரு தொந்தரவாக எண்ணப்படவில்லை. ஸஃப்பின் நீளத்தையே மாற்றும் அளவுக்கு அல்லவா கிராஅத்தின் நீளத்தை அது மாற்றியது!

வீட்டின் உரிமை

நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒருவர் கேட்டார். குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் எழுந்து சென்றுவிடுவார்கள் என்று அன்னையவர்கள் பதில் சொன்னார்கள். ஒரே விடையில் வீடும் பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கின்றன. தொழுகையைக் காரணம் காட்டி வீட்டு வேலையிலிருந்து ஒதுங்கவில்லை. வீட்டு வேலையைக் காரணம் காட்டித் தொழுகையைத் தள்ளிவைக்கவும் இல்லை.

இந்தச் சமநிலை தவறியபோது தோழர்களே ஒருவரையொருவர் திருத்திக்கொண்டனர். ஸல்மான் (ரலி) அவர்களும் அபுத்தர்தா (ரலி) அவர்களும் நபியவர்களால் சகோதரர்களாக இணைக்கப்பட்டவர்கள். ஒருநாள் ஸல்மான் (ரலி) சகோதரரின் வீட்டிற்குச் சென்றபோது, உம்முத்தர்தா (ரலி) அவர்கள் எளிய, பேணப்படாத உடையில் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டார்கள். உங்கள் சகோதரருக்கு இவ்வுலகில் எந்தத் தேவையும் இல்லை என்று அப்பெண்மணி பதில் சொன்னார்கள். கணவர் பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்று இருந்தார்.

ஸல்மான் (ரலி) வாதம் செய்யவில்லை. தம்முடன் உண்ணும்படி அபுத்தர்தாவை வற்புறுத்தி, நஃபில் நோன்பை விடச் செய்தார்கள். இரவின் தொடக்கத்தில் அவர் தொழ எழுந்தபோது, உறங்குங்கள் என்றார்கள். மீண்டும் எழுந்தபோதும் உறங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில், இப்போது எழுங்கள் என்று கூறி இருவரும் சேர்ந்து தொழுதார்கள். இறைவனுக்கும் உடலுக்கும் குடும்பத்திற்கும் தனித்தனியே உரிமைகள் உண்டு. அவரவர் உரிமையை அவரவருக்கு வழங்குங்கள் என்பதே அவர்கள் சொன்ன அறிவுரையின் சாரம். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், ஸல்மான் சொன்னது உண்மை என்று ஒப்புதல் அளித்தார்கள்.

ஒரு வீட்டின் கால ஒழுங்கு குலைந்திருந்தது. அதைக் கண்டவர் விருந்தினராக வந்த சகோதரர். சொன்னவர் அந்த வீட்டின் பெண்மணி. திருத்தியது ஓரிரவுப் பொழுது. ஜமாஅத் என்பதன் பொருள் இதுவன்றி வேறென்ன?

சந்தைக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு வீடு

தோழர்கள் அனைவரும் நாள் முழுவதும் பள்ளிவாசலில் இருந்ததாக நாம் கற்பனை செய்துகொள்ளக் கூடாது. அவர்களுக்குத் தோட்டம் இருந்தது, வியாபாரம் இருந்தது. உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப் பகுதியான அவாலியில் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டு அன்சாரித் தோழருடன் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஒருநாள் இவர் நபியவர்களிடம் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்று கேட்டவற்றை மற்றவருக்கு மாலையில் எடுத்துரைப்பார். தொழிலையும் கல்வியையும் இரண்டு அண்டை வீட்டார் முறை வைத்துப் பகிர்ந்துகொண்ட இந்த வழக்கம் ஸஹீஹுல் புகாரியின் கல்விப் பகுதியில் இடம்பெற்றுள்ளது.

கலீஃபாவான பின்பும் உமர் (ரலி) அவர்களின் பார்வை ஒவ்வொரு ஸஃப்பின் மீதும் இருந்தது. ஒருநாள் சுப்ஹுத் தொழுகையில் ஸுலைமான் இப்னு அபீ ஹஸ்மா என்பவரைக் காணவில்லை. காலையில் கடைவீதிக்குப் புறப்பட்டார்கள். அந்த மனிதரின் வீடு சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் இடையே இருந்தது. வழியில் நின்று அவருடைய தாயார் ஷிஃபா (ரலி) அவர்களிடம், சுப்ஹில் ஸுலைமானைக் காணோமே என்று விசாரித்தார்கள். இரவெல்லாம் நின்று தொழுதான். பின் கண்ணயர்ந்துவிட்டான் என்று தாயார் சொன்னார்கள். இரவெல்லாம் நின்று தொழுவதைவிட, சுப்ஹை ஜமாஅத்துடன் தொழுவதே தமக்கு விருப்பமானது என்று உமர் (ரலி) பதிலளித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ள செய்தி இது.

இந்நிகழ்ச்சியை, நஃபிலைக் காட்டிலும் ஜமாஅத் மேலானது என்பதற்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். அதற்கு முந்தைய செய்தியை விட்டுவிடுகிறோம். ஒரு பேரரசின் தலைவர், ஸஃப்பில் ஓர் இடம் காலியாக இருந்ததைக் கவனித்தார். அன்றே அவ்வீட்டு வாசலில் நின்று கேட்டார். பள்ளிவாசலைப் பெருக்கிவந்த ஒருவரைக் காணாதபோது நபி (ஸல்) அவர்கள் விசாரித்ததும், இறந்துவிட்டார் என அறிந்ததும் தமக்குத் தெரிவித்திருக்கக் கூடாதா என்று கேட்டு அடக்கத்தலத்திற்கே சென்று தொழுததும் இதே வழிமுறையின் மூலமாகும். நாளுக்கு ஐந்து முறை கூடும் ஊரில், காணாமற் போனவர் ஒரே நாளில் தெரிந்துவிடுவார். தெரிய வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு குறையை மறைக்காமல் எழுதுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், முதல் ஸஃப்பின் இடப்பக்க ஓரத்தில் வழக்கமாக நிற்கும் முதியவர் ஒருவர் நான்கு நாட்கள் தொழுகைக்கு வரவில்லை. வெளியூரிலுள்ள மகன் வீட்டிற்குப் போயிருப்பார் என்று நாம் எண்ணிக்கொண்டோம். மோதினாரும் அவ்வாறே எண்ணினார். அந்த இடத்தில் வேறொருவர் நின்றார், ஸஃப் நிறைந்தது. ஐந்தாம் நாள், கடுமையான காய்ச்சலில் தனியாகக் கிடந்த அவரைப் பால் ஊற்ற வந்த பெண்மணிதான் கண்டு குரல் கொடுத்தார். அல்லாஹ்வின் அருளால் உயிர் பிழைத்தார். நலம் விசாரிக்கச் சென்ற நம்மிடம் அவர் குறை எதுவும் சொல்லவில்லை. "நாலு நாளும் ஐந்து வேளைப் பாங்கும் காதிலே கேட்டது ஹஸ்ரத்" என்று மட்டும் சொன்னார். நம் அழைப்பு அவர் வீட்டிற்குள் சென்றது, நாம் செல்லவில்லை. உமர் (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை எத்தனையோ ஜும்ஆக்களில் எடுத்துச் சொன்ன நமக்கு, அன்று தலை நிமிரவில்லை.

நிழலை அளந்த அறிஞர்கள்

இனி, சுவரில் தொங்கும் அட்டவணைக்கு வருவோம். இஸ்லாம் பல நாடுகளுக்குப் பரவியபோது நேரத்தை ஒரே சீராக அறிவிக்க வேண்டிய தேவை எழுந்தது. உமர் (ரலி) அவர்கள் தம் ஆளுநர்களுக்கு எழுதிய கடிதம் ஒன்றை முவத்தா பாதுகாத்துள்ளது. ஆட்சிப் பொறுப்புகள் அனைத்திலும் தொழுகையே முதன்மையானது என்று அதில் உணர்த்தி, ஒவ்வொரு நேரத்தையும் அடையாளத்துடன் குறித்துள்ளார்கள். லுஹருக்கு நிழலின் நீளத்தையும், அஸருக்கு ஒரு பயணி சூரியன் மறையுமுன் கடக்கக்கூடிய தொலைவையும், சுப்ஹுக்கு வானில் விண்மீன்கள் நெருங்கித் தெரியும் நிலையையும் அடையாளமாக்கினார்கள். ஹிஜ்ரி 179இல் (கி.பி. 795) மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், தம் நூலையே தொழுகை நேரங்கள் பற்றிய பாடத்துடன்தான் தொடங்கினார்கள்.

பின்வந்த அறிஞர்கள் அந்த நிழலைக் கணிதமாக்கினர். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியுடையதாகக் கருதப்படும் அட்டவணை, தொழுகை நேரங்களுக்காக எழுந்த மிகப் பழைய அட்டவணைகளுள் ஒன்றாகும். அல்பிரூனி நிழல்களைப் பற்றித் தனி நூலே இயற்றினார். இரவு நேரத்தை அறிய, நிலவு தங்கும் 28 விண்மீன் மண்டலங்களை முஅத்தின்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று சந்தைக் கண்காணிப்பு நூல்கள் வலியுறுத்தின. பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் எகிப்தில், பள்ளிவாசலில் ஊதியம் பெற்று நேரத்தைக் கணிக்கும் "முவக்கித்" என்னும் பதவி தோன்றியது. இமாம், முஅத்தின் ஆகியோருடன் முவக்கித்தும் பள்ளிவாசல் ஊழியரானார்.

அவர்களுள் புகழ் பெற்றவர், டமாஸ்கஸ் உமைய்யா பள்ளிவாசலின் முவக்கித்தாக இருந்து 1375இல் மறைந்த இப்னுஷ் ஷாத்திர் ஆவார். இளமையிலேயே தந்தையை இழந்து, மரத்தில் தந்தம் பதிக்கும் கைவேலை கற்று வளர்ந்தவர். ஹிஜ்ரி 773இல் (கி.பி. 1371-72) அப்பள்ளியின் மினாராவுக்காக ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள சலவைக்கல் நிழற்கடிகாரத்தைச் செதுக்கினார். கோள்களின் இயக்கம் குறித்து அவர் வகுத்த முறைகளுக்கும், 1543இல் வெளியான கோப்பர்நிக்கஸின் நூலிலுள்ள முறைகளுக்கும் நெருங்கிய ஒற்றுமை இருப்பதை இருபதாம் நூற்றாண்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இத்தகைய பேரறிஞர் நாள்தோறும் செய்துவந்த பணி, மக்களுக்கு அஸர் எப்போது என்று சொல்வதாகும்!

நம் மண்ணின் நிழல்

அதே நிழல்தான் நம் தமிழகத்திலும் விழுகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும், வேலூர், ஆம்பூர் போன்ற உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி மத்ஹபும் பரவலாக உள்ளதை நாம் அறிவோம். நண்பகல் நிழலை நீக்கிப் பார்க்கையில், ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தை எட்டும்போது அஸர் தொடங்குகிறது என்பது ஷாஃபிஈ உள்ளிட்ட பெரும்பாலோரின் கருத்து. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கூற்றுப்படி அந்நிழல் இருமடங்காக வேண்டும். அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) ஆகிய இருவரும் ஒருமடங்கையே கொண்டனர். இதனால்தான் நம் அட்டவணைகளில் அஸருக்குச் சுமார் ஒரு மணி நேர இடைவெளியுடன் இரண்டு நேரங்கள் அச்சாகின்றன. இரண்டும் அறிவின் அடிப்படையில் எழுந்தவை, சண்டைக்குரியவை அல்ல.

ஊருக்கு ஊர் அட்டவணை ஏன் மாறுகிறது என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. முற்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அவ்வூர்ச் சூரியனே கடிகாரம். 1792இல் ஆங்கிலேயர் சென்னையில் வானாய்வு நிலையம் அமைத்தனர். அங்கு 1802இல் நிர்ணயிக்கப்பட்ட சென்னை நேரத்தைப் பிற்காலத்தில் இரயில்வேக்களும் பின்பற்றின. 1906 ஜனவரி 1 முதல், கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. அதனால் கடிகாரம் எங்கும் ஒன்றாயிற்று. ஆனால் சூரியன் அவ்வாறு ஒன்றாகவில்லை. சென்னையில் சூரியன் உச்சி சாய்ந்து சுமார் 13 நிமிடங்களுக்குப் பிறகே கோயம்புத்தூரில் சாய்கிறது. சென்னையிலேயே உச்சிவேளை நவம்பர் தொடக்கத்தில் 11.53 அளவிலும், பிப்ரவரி நடுவில் 12.23 அளவிலும் அமைகிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாளும், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாளும் நட்ட கம்பின் நிழல் நண்பகலில் அங்கே காணாமலே போகும். மதரஸாவுடைய முற்றத்தில் ஒரு கம்பை நட்டு நம் பிள்ளைகளுக்கு இந்நிழலைக் காட்டினால், ஃபிக்ஹுப் பாடமும் வானவியல் பாடமும் ஒரே வெயிலில் நடந்துவிடும்.

கணக்குக் கேட்கும் நேரம்

இன்று முவக்கித் தேவையில்லை. ஒவ்வொருவர் கைப்பேசியிலும் பாங்கு ஒலிக்கிறது. பாக்தாதிலும் டமாஸ்கஸிலும் அறிஞர்கள் வாழ்நாளெல்லாம் தேடிய துல்லியம், நம் வீட்டுச் சிறுவனின் விரல் நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் மதீனாவில் இருந்தது எதுவோ அது நம்மிடம் குறைந்து வருகிறது. தொழுகையைச் சுற்றி வேலையை அமைத்த நிலை மாறி, வேலைகளுக்கிடையே கிடைத்த இடைவெளியில் தொழுகையைச் செருகும் நிலைக்கு வந்துள்ளோம்.

நம்மில் நாற்பது வயதைக் கடந்தோருக்கு நினைவிருக்கும். மஃரிப் பாங்கு சொன்னால் தெருவில் விளையாடிய பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓதும் ஒலி ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கேட்கும். இஷா முடிந்து தந்தை வந்ததும் ஒரே ஸஹனைச் சுற்றிக் குடும்பம் அமரும். பிறகு விளக்கணையும். இன்று மஃரிபும் இஷாவும் தனிவகுப்பின் நேரங்களாகிவிட்டன. தந்தை கடையடைத்து வரும்போது பிள்ளை உறங்கியிருக்கிறான், அல்லது கைப்பேசியுடன் விழித்திருக்கிறான். நள்ளிரவு தாண்டி உறங்குபவனைச் சுப்ஹுக்கு எழுப்ப எந்த ஒலிபெருக்கியாலும் முடியாது. இதற்காகப் பிள்ளைகளை மட்டும் குறை கூறுவது நீதியாகாது. அவர்களின் இரவை அமைத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தாம்.

எனவே, இம்மலர் வாயிலாக மூன்று வேண்டுகோள்களை ஜமாஅத்தார் முன் வைக்கிறோம். முதலாவது, இஷாவுக்குப் பின் ஒருவேளை உணவையேனும் குடும்பத்தார் அனைவரும் கைப்பேசிகளை ஒதுக்கிவைத்துவிட்டுச் சேர்ந்து உண்ண வேண்டும். விரைவாக உறங்க வேண்டும். இரண்டாவது, ஜமாஅத் நேரங்களை முடிவு செய்யும்போது கடைகளில் வேலை பார்ப்போரையும் தினக்கூலிகளையும் கலந்து ஆலோசிக்க வேண்டும். முஆத் (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இமாமுக்கு மட்டுமன்று, நிர்வாகத்திற்கும் பாடமாகும். மூன்றாவது, ஒவ்வொரு தெருவுக்கும் இருவர் பொறுப்பேற்று, வழக்கமாக வருபவர் ஒருநாள் வராவிட்டால் அன்று மாலைக்குள் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். பள்ளிக்கு வர இயலாத முதியோரையும், தனித்து வாழும் பெண்களையும் அவ்வீதிப் பெண்கள் விசாரித்துவர வேண்டும். இவை மூன்றுக்கும் பணம் தேவையில்லை. வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியும் கூடாது.

அந்த முதியவர் இன்று உயிருடன் இல்லை. அல்லாஹ் அவர் கப்ரை ஒளிமயமாக்குவானாக! முதல் ஸஃப்பின் இடப்பக்க ஓரத்தை நாம் இப்போதும் ஸலாம் கொடுக்கையில் பார்க்கிறோம். யார் நிற்கிறார் என்று பார்ப்பதற்கு முன், யாரைக் காணோம் என்று பார்க்கக் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தை நமக்குக் கற்றுத்தர அவர் நான்கு நாட்கள் தனியே கிடக்க வேண்டியிருந்தது.

மறுமையில் நம் ஆயுள் எவ்வழியில் கழிந்தது என்று வினவப்படும் முன், அதன் கணக்கை நாமே நேர்செய்துகொள்ள வல்ல ரஹ்மான் நமக்கும் நம் குடும்பத்தாருக்கும் நம் ஜமாஅத்தார் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.